பால்வெட்டுப் பாட்டும் நான் பாடிய ஒரு சொல்லும்

முதலில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாக எழுதும்படி சொன்னார்கள். அடக்கத்துக்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எனக்கு நேராகத்தான் சொல்ல வரும்.

தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், மேட்டு லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தேன். துரை பங்களாவிலிருந்து குப்பைக்குப் போன வால்வு ரேடியோவைப் பிரித்து எம்ப்ளிபயர் செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பலாப் பலகையில் நானே ஸ்பீக்கர்ப் பெட்டி அடித்தேன். மாரியம்மன் திருவிழாவுக்கு அதைத் தூக்கி வைத்த அன்று, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தங்கள் திருவிழாவைப் பூசாரியிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து நின்றார்கள். கரண்டு வராத டிவிசன்களுக்கு லொறி பேட்டரியைத் தலையில் வைத்து ஏறினேன். 'செல்லையா சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு எழுதி மாட்டினேன். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்து, பிறகு கைவிட்டுப் போட்டிருந்த புகைக்கூடத்தைக் கேட்டு வாங்கி, சுவர் முழுக்கக் கழிவு ரப்பர் ஷீட் ஒட்டி, பாட்டுப் பிடிக்கிற ஸ்டூடியோ ஆக்கினேன். அதற்குள் கை தட்டினால் சத்தம் திரும்பி வராது. நாத்தம் மட்டும் வரும். "பாடப் போறியா, பால் ஊத்தப் போறியா?" என்று சனங்கள் கேலி பண்ணும். பண்ணட்டும். கேலி பண்ணினவர்கள் எல்லாம் வரிசையில் நின்று பாடிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று செய்தேன். கேகாலைப் பக்கமும் இரத்தினபுரிப் பக்கமும் தோட்டம் தோட்டமாகப் போய், தப்பு அடிக்கிறவர்கள், காமன் கூத்து ஆடுகிறவர்கள், ஆர்மோனியக்காரர்கள், லயத்துப் பாட்டுக்காரர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேச வைத்து, அந்தப் பேச்சைப் பிடித்து வைத்தேன். பாட்டைப் பிடிக்கிறவன் ஆயிரம் பேர். பாட்டுக்காரனின் பேச்சைப் பிடித்தவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

என் கசட்டுகளை இப்போது கொழும்பில் குரல்களைச் சேர்த்து வைக்கிற ஓரிடத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற தர்ஷினி என்கிற பிள்ளை போன் எடுத்து, "அங்கிள், இந்தப் பதிவுகளோட ஒரு புத்தகமும் வருது. நீங்க இதை எப்பிடிச் செஞ்சீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்று கேட்டது. ரெண்டு பக்கத்தில் அடங்காது பிள்ளை. எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். சொன்ன விசயத்தை மட்டும் திருத்தாதே.

தொழில் கற்றது அவிசாவளையில், ஜமால்தீன் முதலாளியின் ரேடியோக் கடையில். அவர் மாவனல்லைக்காரர். ஈயம் உருக்கினேன், கை சுட்டது. வயர் தொட்டேன், கரண்டு அடித்தது. என் படிப்பு அவ்வளவுதான். ஆனால் முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

வெள்ளைச் சாரம், வெள்ளை பெனியன். சத்தம் விற்கிற மனிதர். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. எம்ப்ளிபயர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "கொஞ்சம் ஓய்வு குடு மகன், அதுக்கு மேலுக்கு ஏலாது" என்பார். பிழை செய்தால் திட்டமாட்டார். நாம் செய்த பிழையைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நாமே கண்டுபிடித்துச் சரிபண்ணியிருக்க வேண்டும். திட்டு வாங்கியிருந்தால் இத்தனை பயந்திருக்க மாட்டேன்.

அவரிடம் ஒரு பழக்கம். மைக் சோதிக்கும்போது 'ஹலோ, ஹலோ' சொல்லக் கூடாது. நான் முதன்முதல் சொன்னபோது மைக்கைக் கையால் பொத்திவிட்டார்.

"ஹலோ சொல்றப்ப எல்லாரும் தொரை மாதிரிப் பேசுவான் மகன். பாட வந்தவன்ட பேரக் கேளு. சொந்தப் பேரச் சொல்றப்பதான் மனிசன்ட சொந்தக் குரல் வரும். அந்த அளவுக்குத் திருகி வை."

பேர், தகப்பன் பேர், ஊர். இந்த மூன்றையும் பாடுகிறவர் வாயாலே சொல்லச் சொல்லி, அந்தக் குரலுக்கு ஏற்ற மாதிரி சத்தத்தைத் திருகி வைப்பது எங்கள் கடை முறை. நான் தனிக்கடை போட்ட பிறகும் இதை விடவில்லை. இந்த முறைதான் என்னைப் பேட்டிக்காரன் ஆக்கியது.

குருவிட்ட பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கல்யாணம். ஆர்மோனியம் வாசிக்க வந்தவர் சூசை மாஸ்டர். சேர்ச்சிலும் வாசிப்பார், கூப்பிட்டால் கோயிலிலும் வாசிப்பார். மாப்பிள்ளை வீட்டு பஸ் மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. நான் வழமைப்படி மாஸ்டரிடம் பேர் கேட்டேன், சொன்னார். தகப்பன் பேர் கேட்டேன். சொன்னவர் நிறுத்தவில்லை.

"அந்தோனி. அந்தோனின்னா சும்மா அந்தோனி இல்ல. இந்தப் பொட்டியோட துருத்திய எலி கடிச்சுப் போட்டப்ப, காட்டுல இருந்து ஒட்டுப்பால் கொண்டாந்து ஒட்டின அந்தோனி. ஒட்டி முடிச்சுப் பூசையில வாசிச்சாரு பாரு, ஒவ்வொரு அமுக்குக்கும் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துப் போகுது. சாமியார் பிரசங்கத்தை நிப்பாட்டிட்டு, 'அந்தோனி, அதுக்கு மூச்சு வாங்குது, தண்ணி குடு'ங்கிறாரு..."

மைக் திறந்திருந்தது. நான் மூடியிருக்கலாம். பந்தலைப் பார்த்தேன். சமையல்காரர் அகப்பையோடு வந்து நிற்கிறார். பொம்பளைகள் பூக்கட்டுவதை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். மாஸ்டருக்குத் தான் ஸ்பீக்கரில் பேசுவது தெரியாது. பஸ் வந்து சேருகிற வரைக்கும் தகப்பன் கதையைச் சொன்னார். அந்தக் கல்யாணத்தில் என்ன பாட்டு வாசித்தார் என்று இன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகமில்லை. மூச்சு வாங்கின ஆர்மோனியத்தை எல்லோருக்கும் ஞாபகம்.

அடுத்த கிழமை கடைக்கு ஆட்கள் வந்து, "மாஸ்டர் பேசின கசட் இருக்கா?" என்று கேட்டார்கள். நான் பிடிக்கவில்லை. அன்றைக்கே ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு குருவிட்டவுக்கு பஸ் ஏறினேன். மாஸ்டர் மறுபடியும் சொன்னார், முதலில் சொன்னதைவிட நீளமாக. அதுதான் என் முதல் பேட்டி.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் சனங்கள் வெயில் நாளில் மலையில் வேலையில் இருப்பார்கள். மழை நாளில்தான் வீட்டில் பிடிக்கலாம். மழை நாளில் பிடித்தால் லயத்துத் தகரக்கூரையில் அடிக்கிற சத்தத்தில் பேசுகிறவர் குரல் முங்கிப் போகும். இதற்கு வழி கண்டுபிடித்தது நான்தான் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். ஈரச் சாக்கை இரண்டு மடிப்பாக மடித்து, உட்காருகிற அறைக்கு நேர் மேலே கூரையில் விரித்து, மேலே வாழைமட்டை பரப்பிக் கட்டிவிட வேண்டும். மழை தகரத்தைத் தொடாது. நான் ஒரு லயத்துக் கூரையில் ஏறி இதைச் செய்துகொண்டிருந்தபோது கீழே ரோட்டில் போன சிங்களக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் குடையை மடக்கிப் பார்த்துவிட்டு, "செல்லையா, வஹலட்டத் சீதலத?" என்று கேட்டார். கூரைக்கும் குளிருதா என்று. "ஓவ், உணத் தியெனவா" என்றேன். ஆமாம், காய்ச்சலும் இருக்கிறது. பிறகு அவரே வந்து சாக்குப் பிடித்தார்.

என் கசட்டுகளில் மழை கேட்கும். தூரத்தில், மரத்தில் பெய்கிற மழை. தகரம் கேட்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு எழுதுவது சிரமம். அதனால் கசட்டின் மேல் எதுவும் எழுத மாட்டேன். கசட் தொடக்கத்தில் நானே பேசிவிடுவேன். இன்னார், இன்ன தோட்டம், இன்னாரிடம் பாட்டுக் கற்றவர், இது இன்னார் கட்டின பாட்டு என்று. நடுவில் சந்தேகம் வந்தால் கேட்பேன், பதில் வரும். எழுத வேண்டிய எல்லாம் என் குரலில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதனால் வந்தது.

வேலு அண்ணன் எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மழை விழுந்தால் பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரம் முழுக்க வழிந்து போய்விடும். அப்படிப்பட்ட நாட்களில் மற்றவர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலு அண்ணன் பாட்டுக் கட்டுவார். மழை விடுவதற்குள் அந்தப் பாட்டு அடுத்த லயத்துக்குப் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் மழைக்குப் பஞ்சமில்லை, அதனால் பாட்டுக்கும் பஞ்சமில்லை.

மழையே மழையே நில்லுபுள்ள
மரம் நனைஞ்சா பால் வழியும்
செரட்ட எல்லாம் கவுந்திருக்கு
சின்னக் கத்தி துரு ஏறும்

என்று தொடங்குகிற பாட்டு அவருடையது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட மேடையில் பாடுகிறார்கள். அவர் கட்டின எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி முடியும்:

பட்ட கீறிப் பாட்டெழுதும்
பால்வெட்டு வேலு – இதக்
கேட்ட சனம் நல்லாருந்து
கும்பிட்டு வாழு

தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் கைநாட்டு வைக்கிற மனிதர். பாட்டில் மட்டும் கையெழுத்துப் போடுவார்.

அவர் குரலை நான் பிடித்து வைத்திருந்தேன். ஆறு பெருகின வருடம் கடைக்குள் தண்ணீர் ஏறி, கீழ்த்தட்டுக் கசட்டெல்லாம் சேறாகிப் போனது. "போனா போகுது, நான் இருக்கேன்ல, மறுபடி பாடுறேன்" என்றார். பாடுவதற்குள் அவரே போய்விட்டார். அவர் பாட்டு முழுவதும் தெரிந்தவர் இனி ஒருவர்தான். அவர் சம்சாரம் பாக்கியம் மதினி.

மதினி எனக்கு மூத்தவர். என் தலை நரைத்த பிறகும் "தம்பி"தான். மைக்கை வைத்து, வழமைப்படி பேர் கேட்டேன். பாக்கியம் என்றார். தகப்பன் பேர், தோட்டம், எல்லாம் சொன்னார். மழைப் பாட்டைப் பாடச் சொன்னேன். அந்த வயதிலும் குரல் பிசிறவில்லை. கடைசி அடிக்கு வந்தார். "பால்வெட்டு" என்று சொல்லி நிறுத்தி, உதட்டை மூடி "ம்ம்" என்று ராகத்தை மட்டும் இழுத்துவிட்டு, "இதக் கேட்ட சனம்" என்று போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. புருசன் பேர். சொல்ல மாட்டார்.

"மதினி, இந்தப் பாட்டைக் கட்டினது யாரு?"

"அவருதான்."

"எவரு?"

"ஒனக்குத் தெரியாதாக்கும். இந்த வீட்ல எத்தன அவரு இருந்தாங்க?"

"எனக்குத் தெரியும். மெசினுக்குத் தெரியாதே."

"மெசின் என்ன எனக்கு மாமனாரா, மரியாத குடுத்துப் பதில் சொல்ல? சரி, கேளு. முருகன் கையில என்ன இருக்கு?"

"மயிலு."

"கையிலடா!"

"சேவக்கொடி."

"இந்தக் கெழவனுக்கு இன்னும் குசும்பு போகல பாரு" என்று சொல்லி, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "அந்த எடம் வந்தா நான் கையக் காட்டுறேன். நீ பாடு தம்பி."

ஸ்பீக்கர் கட்டுகிறவனுக்குப் பாட வராது. என் தொண்டை ஓட்டைத் தகரம். ஆனாலும் அந்த இடத்தில் மதினி கையை நீட்டினார், நான் "வேலு" என்று பாடினேன், அவர் "இதக் கேட்ட சனம்" என்று எடுத்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படியே. பிடித்து முடித்துப் போட்டுக் காட்டினேன். என் குரல் வருகிற இடத்திலெல்லாம் மதினி விழுந்து விழுந்து சிரித்தார். "மாடு கத்துற மாதிரி இருக்குடா" என்றார். ஆனால் மறுபடி மறுபடி அந்த இடத்தையே போடச் சொன்னார்.

இந்தக் கசட் கொழும்புக்குப் போயிற்று.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு மதினியின் பேத்தி போனில் அதைக் கண்டுபிடித்துப் போட்டுக் காட்டியிருக்கிறாள். மதினி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். வா என்று கூடச் சொல்லவில்லை.

"தம்பி, பிள்ள வாசிச்சுச்சு. என் பேரு போட்டிருக்காம். கட்டினவரு தெரியலன்னு போட்டிருக்காம். நெசமா?"

பேத்தி போனைக் காட்டினாள். பாடியவர் பாக்கியம். இயற்றியவர் தெரியவில்லை. வகை நாட்டார் பாடல். பாட்டைப் போட்டேன். நான் கசட் தொடக்கத்தில் பேசின பேச்சு இல்லை. நான் கேட்ட கேள்வி இல்லை. கடைசி அடியில் 'பால்வெட்டு' என்றதும் ஒரு பள்ளம், பிறகு 'இதக் கேட்ட சனம்'. என் குரலை வழித்து எடுத்திருந்தார்கள். அதோடு சேர்ந்து அண்ணனும் போயிருந்தார்.

"அப்ப அவரு யாருமே இல்லையா தம்பி?" என்று கேட்டார் மதினி.

எத்தனையோ பேரைப் பேச வைத்தவன் நான். அவர் பேரைப் போட வைக்காமல் விட மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தர்ஷினிக்கு போன் எடுத்துச் சத்தம் போட்டேன். முதலாளி கேட்டிருந்தால் கையால் என் வாயைப் பொத்தியிருப்பார். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டது.

"அங்கிள், எங்கட முறை அப்பிடி. பேட்டி எடுக்கிறவர்ட குரலை எடுத்துட்டு, பேசுறவங்கட குரலை மட்டும் வைக்கணும்னு மேல முடிவெடுத்தது. வேணும்னு செய்யல."

"சரி, இப்ப நான் சொல்றேன்ல. வேலு. எழுதிக்கோ."

"நீங்க சொன்னாப் போதாது அங்கிள். பாடினவங்க வாயால சொல்லணும். நாளைக்கு வேற ஒருத்தர் வந்து இது எங்கட தாத்தா பாட்டுன்னு சொன்னா நாங்க எதைக் காட்டுறது?"

அதில் நியாயம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் தானே வந்து மதினியிடம் கேட்டுப் பதிவு செய்கிறேன் என்றது. சொன்னபடி வந்தது. மழை நாள். கூரையில் சாக்கு விரித்து வைத்திருந்தேன்.

மதினி வெளுத்த சேலை கட்டித் தலை வாரி உட்கார்ந்திருந்தார். தர்ஷினி முதலில் தோட்டத்து வேலையைப் பற்றிக் கேட்டது.

"காலையில பிரட்டுல பேரு குடுத்துட்டு வெடக்கிப் போவோம். மழ வந்தா வெட இல்ல. அவரும் வெடக்கிப் போக மாட்டாரு..."

பிள்ளை கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மெதுவாக, "அம்மா, நீங்க நல்ல தமிழ் பேசுறீங்க. ஏன் அந்த ஒரு சொல்லை மட்டும் சிங்களத்துல சொல்றீங்க? எங்கட ஆட்கள், தமிழ் மறந்து போச்சு போலன்னு குறிச்சு வச்சிருக்கிறாங்க" என்றது.

மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தர்ஷினியிடம், "வெடன்னா தமிழ்ல என்ன பிள்ள?" என்றேன்.

"வேலை." சொன்னதும் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அதுவுமா அம்மா?" என்றது.

"பின்ன? பாதிப் பேரு அதுல இருக்கே. கல்யாணம் முடிச்சு வந்த நாள்ல இருந்து அது என் வாயில வந்ததில்ல. பேரனுக்கு மருமக சக்தியோட சேத்து அந்தப் பேரையும் வச்சிருச்சு, நான் சக்தின்னுதான் கூப்புடுவேன். நல்லவேள, சிங்களத்துல வெடன்னு ஒன்னு இருந்துச்சு. இல்லாட்டி நான் பொழப்புக்குப் போறதை எப்பிடிச் சொல்றது?"

தர்ஷினி சிரித்தது. பிறகு, வந்த காரியத்தைக் கேட்டுத்தானே ஆகவேண்டும். "அம்மா, ஒரே ஒரு தரம் அவர்ட பேரைச் சொல்லுங்க. அப்பத்தான் பாட்டுக்குக் கீழ அவர் பேர் வரும்."

மதினி மைக்கைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மூடிக்கொண்டார்.

"பிள்ள, ஒனக்குச் சொன்னா வெளங்குமோ என்னமோ. அவரு போன அன்னைக்குப் பூவ எடுத்தாங்க. பொட்ட அழிச்சாங்க. தாலியக் கழட்டினாங்க. யாரும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. இது ஒன்னுதான் எடுக்கத் தெரியாம விட்டுட்டுப் போனாங்க. அவரு பேரச் சொல்லாம இருக்கிறப்பத்தான் நான் இன்னும் அவரு பொஞ்சாதியா இருக்கேன். சொல்லிட்டேன்னா அப்புறம் எல்லாரையும் மாதிரி அவரு எனக்கும் ஒரு ஆளுதானே?"

மழை மரத்தில் பெய்துகொண்டிருந்தது. தர்ஷினி குனிந்து மெசினைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே தொட ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

"ஆனா அவரு பேரு வரணும்" என்றார் மதினி. "அது வராம எனக்குக் கண்ண மூட ஏலாது. ரெண்டையும் எப்பிடிச் செய்யிறதுன்னு நீங்கதான் சொல்லணும். படிச்சவங்க நீங்க."

"நான் படிக்கல மதினி" என்றேன்.

"ஒன்னையச் சொல்லல."

பிள்ளை நிமிர்ந்தது. "அம்மா, முந்தி அங்கிளோட பாடின மாதிரியே பாடுங்க. நான் இருக்கிறேன். அங்கிள் அந்தப் பேரைப் பாடட்டும். அது சரியான பேரா, அவர்தான் பாட்டைக் கட்டினவரான்னு நான் கேக்கிறேன். நீங்க உங்கட வாயால பதில் சொல்லுங்க. நாலு பேர்ட குரலும் இதுல இருக்கும்."

"நாலாவது ஆளு யாரு?" என்றார் மதினி.

"அவர்தான் அம்மா."

மதினி பாடினார். கொஞ்சம் இருமல் இருந்தது. கடைசி அடியில் கையை நீட்டினார். நான் பாடினேன். இந்தத் தடவை கேலி பண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இதக் கேட்ட சனம் நல்லாருந்து, கும்பிட்டு வாழு" என்று முடித்தார்.

"அம்மா, இவர் சொன்னது உங்கட கணவர்ட பேர்தானா?"

"ஆமா. அதுதான். அவருதான் கட்டினாரு. எல்லாப் பாட்டும்."

"வேற யாரும் இல்லையா?"

"வேற எவன் கட்டுவான்? மழ நாளெல்லாம் நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக் கிட்ட இருந்து கேட்டேன். ஒரு சொல்லு அமையலன்னா ரெண்டு தேத்தண்ணி."

பதிவு முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது தர்ஷினி என்னிடம், "இதை வெட்ட விடமாட்டேன் அங்கிள். ஆனா மேல இருக்கிறவங்களுக்கு முறையை மாத்தச் சொல்லிக் காரணம் காட்டணும். முந்தி கேட்ட அந்த ரெண்டு பக்கத்துல இதையும் எழுதித் தாங்க" என்றது. அதுதான் இந்தக் கட்டுரை.

ஆகவே மேலே இருக்கிற ஐயா, அம்மாமார்களுக்குச் சொல்கிறேன். என் குரல் இனிமையாக இல்லை, பாட்டைக் கெடுக்கிறது என்று உங்கள் ஆட்கள் சொல்லலாம். கெடுக்கிறதுதான். மதினியே மாடு என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அது அந்தப் பாட்டுக்குள் இருக்க வேண்டிய மாடு. அதை மறுபடி வழித்தெடுத்தால் வேலு அண்ணன் மறுபடி யாருமில்லாமல் போய்விடுவார், அந்த அம்மா மறுபடி ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிடுவார். இன்னொரு தரம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

மற்றக் கசட்டுகளில் சேகரித்தவர் என்று என் பேரைப் போடுவது உங்கள் கடமை. எம்ப்ளிபயர், புகைக்கூடம், கூரைச் சாக்கு எல்லாவற்றையும் முன்னுரையில் சொல்ல வேண்டும். அதற்கு இடம் போதாது என்றால் சாக்கை மட்டுமாவது சொல்லுங்கள். ஆனால் இந்த மழைப் பாட்டுக்குக் கீழே நான் சொல்கிறபடிதான் போட வேண்டும், ஒரே அளவு எழுத்தில்:

கட்டியவர் வேலு.
பாடியவர் பாக்கியம்.
பேர் சொன்னவர் செல்லையா.

புத்தகம் வந்ததும் மதினிக்கு இதை வாசித்துக் காட்டப் போவது நான்தான். மூன்று வரியில் ஒரு வரி குறைந்தாலும் அடுத்த பஸ்ஸில் கொழும்புக்கு வந்து நிற்பேன். ஸ்பீக்கரோடு வருவேன்.